கணினி கேள்வி பதில்: லினக்ஸ் போட்ட லெப்டொப் ஏன் இழுபடுகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: பழைய லெப்டொப்பில் லினக்ஸ் போட்டோம், இழுபடுகிறது. காரணம் விளங்குகிறது. 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் லெப்டொப்புகளில் எத்தனை அதற்கு முந்தியவை! 2022-இல் ரூபா விழுந்த பிறகு புதிதாக ஒன்று வாங்குவது பலருக்குக் கைக்கெட்டாத காரியமாகிவிட்டது, அதனால் நல்ல நிலையில் இருக்கும் பழைய இயந்திரத்தில் லினக்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல முடிவு. போட்டதும் திரை இழுபட்டால் மட்டும் உடனே மனம் விட்டுப்போகிறது, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்கு முன் இதை வாசியுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மாலையில் ஸூமில் சாதாரணதரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது பாவித்த லெப்டொப், ஐ5 மூன்றாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கொடுத்து லினக்ஸ் மின்ட் போட்டு எடுத்தேன். அன்றிலிருந்து ஒரு விண்டோவைப் பிடித்து நகர்த்தினால் கொஞ்சம் பிந்தித்தான் நகர்கிறது, பிடிஎஃப் பக்கத்தை உருட்டினால் வெட்டி வெட்டி ஓடுகிறது, ஃபேன் ஓயாமல் சத்தம் போடுகிறது. திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வரும், நான் அதை வாசிக்காமலே மூடிவிடுவேன். கடையில் கேட்டதற்கு, 'லினக்ஸுக்கு கிராபிக்ஸ் டிரைவர் சரியாகக் கிடையாது மிஸ், வேறு லெப்டொப் எடுங்கள்' என்றார்கள். உண்மையா?
*ஆசிரியை, வெள்ளவத்தை*

பதில்: உண்மை இல்லை, டீச்சர். தயவுசெய்து இன்னும் ஒரு லெப்டொப்புக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் ஐ5-க்குள்ளேயே இன்டெல் எச்டி 4000 என்ற கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது, 2012-இல் வந்தது. அதற்கான டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, எந்த இணையதளத்துக்கும் போய் இறக்க வேண்டியதில்லை. விண்டோஸில் பழகியவர்கள் எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். லினக்ஸில் டிரைவரின் ஒரு பாதி கேர்னல் என்ற அதன் மையப் பகுதிக்குள்ளேயே வருகிறது, மறு பாதி மேசா என்ற தொகுப்பில் வருகிறது. மேசா, பிரையன் போல் என்பவர் 1993-இல் தொடங்கியது, இன்றுவரை திறந்த மூலமாகவே வளர்கிறது. மின்ட் போடும்போதே இரண்டும் உங்கள் வட்டில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஆகவே 'டிரைவர் இல்லை' என்பதை முதலில் தள்ளி வையுங்கள். இருக்கும் டிரைவர் ஏன் வேலை செய்யவில்லை என்று பார்ப்போம்.

நீங்கள் வாசிக்காமல் மூடும் அந்த அறிவிப்பில்தான் விடை இருக்கும் என்று நினைக்கிறேன். மின்ட்டின் சினமன் திரை, கிராபிக்ஸ் பகுதியின் உதவி கிடைக்காமல் ஓடும்போது 'சொஃப்ட்வெயார் ரெண்டரிங்' என்ற சொற்களோடு ஓர் அறிவிப்பைக் காட்டும். படம் வரைய வேண்டிய பகுதி சும்மா இருக்க, அந்த வேலையையும் ப்ராசஸரே சுமக்கிறது என்று அர்த்தம். கணக்கு எழுத வந்தவரை இடியப்பம் பிழியவும் விட்டதுபோல. அவர் பிழிவார், ஆனால் கணக்கும் பிந்தும், இடியப்பமும் பிந்தும். ஃபேன் சத்தத்துக்கும் இதுவே காரணம்.

உறுதிப்படுத்திக்கொள்ள மெனுவில் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' என்பதைத் திறந்து, அதில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற பகுதிக்கு இறங்குங்கள். 'ரெண்டரர்' என்று ஒரு சொல் இருக்கும், அதற்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். இன்டெல், எச்டி 4000 என்று இருந்தால் டிரைவர் ஒழுங்காக ஓடுகிறது. எல், எல், வி, எம் என்று தொடங்கி பைப் என்று முடிந்தால், ப்ராசஸர்தான் வரைகிறது. இதில் ஒரு சறுக்கல் இருக்கிறது, கவனியுங்கள்: செட்டிங்ஸில் இருக்கும் சிஸ்டம் இன்ஃபோ பக்கம் கிராபிக்ஸ் கார்ட்டின் பெயரை எப்போதும் சரியாகவே காட்டும். கார்ட் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, வேலை செய்கிறதா என்று சொல்வதில்லை. எத்தனையோ பேர் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு 'டிரைவர் சரி' என்று முடிவு கட்டிவிட்டு, ரேம், ஹார்ட் டிஸ்க் என்று வேறு எங்கோ தேடப் போய்விடுகிறார்கள்.

சரி, பைப் என்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படிக் கடையில் போட்டுத் தந்த இயந்திரங்களில் நான் முதலில் சந்தேகப்படுவது ஒரே ஒரு சொல்லை. நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதிய சொல் அது. இன்ஸ்டோல் பண்ணும்போது திரை கறுப்பாக நின்றுவிட்டால் அந்தச் சொல்லைக் கொடுத்துத் தொடங்குவார்கள். 'இப்போதைக்கு கிராபிக்ஸ் பகுதியைத் தொடாதே, இருக்கும் படியே திரையைக் காட்டு' என்று கேர்னலுக்குச் சொல்லும் கட்டளை. அந்த நேரத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டால் இன்டெல் டிரைவர் ஒருநாளும் எழும்பாது.

அழிக்கும் முன் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், இதில் எதுவும் கெட்டுப்போகாது. லெப்டொப்பை அணைத்துவிட்டுத் திரும்பப் போடும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள், அது சரிவராவிட்டால் கம்பனியின் இலச்சினை மறையும் நேரம் எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். கிரப் என்ற மெனு வரும். முதல் வரியில் நின்றுகொண்டு ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டினால் சில வரிகள் விரியும். மௌஸ் அங்கே வேலை செய்யாது, அம்புக்குறி விசைகளால்தான் நகர வேண்டும். லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரியின் கடைசிப் பக்கம் குவயட், ஸ்பிளாஷ் என்ற சொற்களுக்குப் பக்கத்தில் நம் சொல் நிற்கும். அதை மட்டும் அழித்துவிட்டு எஃப்10 தட்டுங்கள். இந்த மாற்றம் இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். திரை கறுப்பாகிவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போடுங்கள், பழையபடி வந்துவிடும். திரை வந்து விண்டோ வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் நாம் பிடித்தது சரி.

அப்புறம் நிரந்தரமாக எடுப்பது. கோப்புகளைத் திறக்கும் நீமோவில், வெற்றிடத்தில் வலது கிளிக் செய்தால் 'ஓப்பன் ஆஸ் ரூட்' என்று வரும். கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், ஈடிசி என்ற போல்டர், அதற்குள் டிஃபோல்ட் என்ற போல்டர், அதற்குள் கிரப் என்ற கோப்பு. திறந்தால் பெரிய எழுத்தில் கிரப் என்று தொடங்கி டிஃபோல்ட் என்று முடியும் ஒரு வரியில், மேற்கோள் குறிகளுக்கு நடுவே அதே சொல் இருக்கும். சொல்லை அழியுங்கள், மேற்கோள் குறிகளைத் தொடாதீர்கள், சேமித்துவிட்டு மூடுங்கள். பிறகு கட்டளை எழுதும் டெர்மினலில் எஸ், யு, டி, ஓ என்ற எழுத்துகளில் சூடோ என்று எழுதி, இடைவெளி விட்டு, அப்டேட்-கிரப் என்று நடுவில் சிறுகோட்டோடு எழுதி என்டர் தட்டுங்கள். கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், அது வழமைதான், தட்டிக்கொண்டே போங்கள்.

அந்தச் சொல் எங்குமே இல்லாவிட்டால், அல்லது எடுத்ததும் திரை கறுப்பாகிவிட்டால், அப்டேட் மனேஜரில் இருப்பதையெல்லாம் போட்டுவிட்டு எனக்கு லெப்டொப்பின் மொடல் எண்ணோடு எழுதுங்கள். சிலர் பழைய குறிப்புகளைப் பார்த்து இன்டெல்லுக்கென்று, திரையைக் காட்டும் எக்ஸோர்க் மென்பொருளுக்கு ஒரு தனி அமைப்புக் கோப்பு எழுதி வைத்திருப்பார்கள், அதையும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாக இருக்கக்கூடாது. எல்லாம் சரியான பிறகும் யூடியூபில் பெரிய அளவு வீடியோ ஓடும்போது ஃபேன் எழும்பும். யூடியூப் பெரும்பாலும் விபி9 வகையில் வீடியோவை அனுப்புகிறது. எச்டி 4000-க்கு எச்.264 போன்ற பழைய வகைகளைத்தான் தானாக விரிக்கத் தெரியும், விபி9 தெரியாது, ஆகவே ப்ராசஸர்தான் விரிக்க வேண்டும். இது டிரைவரின் குற்றம் இல்லை, அந்தச் சிப்பின் வயது. பிள்ளைகளுக்கு வீடியோ காட்டும்போது 480 அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், ஸூம் வகுப்புக்கு இந்த இயந்திரம் தாராளமாகப் போதும்.

கேள்வி: அண்ணா, என்னுடைய லெப்டொப்பில் இன்டெல் கிராபிக்ஸோடு என்விடியா எம்எக்ஸ்150-யும் இருக்கிறது, உபுண்டு 24.04 போட்டிருக்கிறேன். பிளெண்டரில் அனிமேஷன் பழகுகிறேன். ஒரு ஃப்ரேம் ரெண்டர் ஆவதற்குள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடலாம். அடிஷனல் டிரைவர்ஸில் என்விடியா 580 இரண்டு விதமாக இருந்தது, திறந்த மூலம்தானே நல்லது என்று 'ஓப்பன்' என்று முடிவதைத் தெரிந்தேன். ரீஸ்டார்ட் பண்ணும்போது நீலத் திரை ஒன்று வந்தது, பயத்தில் கன்டினியூ என்பதை அழுத்திவிட்டேன். இப்போது கார்ட்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைத் தட்டினால் டிரைவரோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. பிளெண்டரில் கார்ட்டே தெரியவில்லை.
*மாணவன், கொட்டாஞ்சேனை*

பதில்: தம்பி, உங்கள் எண்ணம் நல்ல எண்ணம், அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் 'ஓப்பன்' என்று முடியும் அந்த டிரைவர் உங்கள் கார்ட்டுக்கு உரியதில்லை. என்விடியா 2022 மே மாதம் தன் கேர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டபோது, டூரிங் தலைமுறையிலிருந்து அதற்குப் பிந்திய கார்ட்டுகளுக்கு மட்டும் என்றே கொடுத்தது. டூரிங் 2018-இல் வந்தது. எம்எக்ஸ்150 அதற்கு முந்திய பாஸ்கல், 2017. அதே பட்டியலில் 'ஓப்பன்' இல்லாத 580 இருக்கும், அதைத் தெரியுங்கள். இன்னொன்று, பாஸ்கலுக்கு 580 வரிசைதான் கடைசி. அதைவிடப் பெரிய எண் ஒன்று பிறகு பட்டியலில் வந்தால் ஆசைப்பட்டு மாறிவிடாதீர்கள்.

என்விடியாவின் டிரைவரைப் போடும் முன் உபுண்டு பாவிப்பது நூவோ என்ற முழுத் திறந்த மூல டிரைவரை, அது ஏன் மெதுவானது என்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்விடியாவின் உதவி இல்லாமலே கார்ட் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்து ஆர்வலர்கள் கட்டிய டிரைவர் அது, 2010-இல் கேர்னலுக்குள் சேர்ந்தது. அதன் பின்னால் இருக்கும் உழைப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பெரிய மரியாதை வருகிறது. ஆனால் ஜிடிஎக்ஸ் 900 வரிசைக் கார்ட்டுகளின் காலத்திலிருந்து, கார்ட்டின் வேகத்தைக் கூட்டும் ஃபேர்ம்வெயார் என்ற உள் மென்பொருளில் என்விடியாவின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால்தான் கார்ட் ஏற்றுக்கொள்ளும் என்று ஆகிவிட்டது. அதனால் பாஸ்கலில் நூவோவால் கார்ட் தொடங்கும் வேகத்துக்கு மேல் போக முடியாது. மூன்றாம் கியரும் நான்காம் கியரும் பூட்டப்பட்ட வாகனத்தைக் காலி வீதியில் ஓட்டுவதுபோலத்தான். நூவோவைக் குறை சொல்பவர்கள் அந்தப் பூட்டு யார் கையில் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனி நீலத் திரை. அது பிழைச் செய்தி இல்லை, உங்களிடம் அனுமதி கேட்கிறது. செக்யூர் பூட் போட்டிருக்கும் லெப்டொப், கையொப்பம் இல்லாத கேர்னல் பகுதியை ஏற்காது. உங்கள் கணினியிலேயே கட்டப்படும் டிரைவருக்கு உபுண்டு ஒரு சாவியால் கையொப்பம் இடும், அந்தச் சாவியை நம்பலாமா என்று அடுத்த முறை தொடங்கும்போது நேரே உங்களிடம் கேட்கும். ஏறக்குறைய பத்து செக்கன்தான் காத்திருக்கும். டிரைவர் போடும்போது கடவுச்சொல் ஒன்று வைக்கச் சொன்னால் எட்டு இலக்கத்தில் ஒன்றை வைத்து, ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீலத் திரை வந்ததும் உடனே ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் மொக்', பிறகு கன்டினியூ, பிறகு யெஸ், கடவுச்சொல், கடைசியில் ரீபூட். நீலத் திரை மறுபடி வராமல் செய்தியும் அப்படியே இருந்தால், டெர்மினலில் சூடோ போட்டு, அப்டேட்-செக்யூர்பூட்-பொலிசி என்று எழுதி, இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளோடு என்ரோல்-கீ என்று தட்டினால் சாவிப் பதிவை முதலிலிருந்து தொடங்கலாம்.

பயோஸுக்குப் போய் செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று நண்பர்கள் சொல்வார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் அதே லெப்டொப்பில் விண்டோஸும், அதன் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கரும் இருந்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கலாம். அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. இரண்டு நிமிட வேலை, சாவியைப் பதிந்துவிடுங்கள்.

டிரைவர் எழும்பிய பிறகும் பிளெண்டர் தானாக என்விடியாவுக்கு மாறாது. ப்ரெஃபரன்ஸஸில் சிஸ்டம் பகுதியில் கூடா அல்லது ஒப்டிக்ஸ் என்பதைத் தெரிந்து கார்ட்டுக்கு நேரே சரி அடையாளம் போட வேண்டும், பிறகு ரெண்டர் பக்கத்தில் டிவைஸ் என்ற இடத்தில் ஜிபியு என்று மாற்ற வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் பலர் மறப்பது. இரண்டையும் செய்துபாருங்கள். வேலை செய்துகொண்டிருக்கும்போதே காட்சி இழுபட்டால், பிளெண்டரின் ஐக்கனில் வலது கிளிக் செய்து தனி கிராபிக்ஸ் கார்ட்டில் திறக்கும் தெரிவைப் பாவியுங்கள். எம்எக்ஸ்150-இல் பெரும்பாலும் 2 ஜிபி நினைவகம்தான், பெரிய டெக்ஸ்சர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கேர்னல் அப்டேட் வந்த மறுநாள் பிளெண்டரில் கார்ட் திடீரென்று தெரியாமல் போனால், கிரப் மெனுவில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸுக்குள் போய் முந்திய கேர்னலில் தொடங்குங்கள். புதிய கேர்னலுக்கான டிரைவர் கட்டப்படாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: டிரைவர் எல்லாம் சரி, ரெண்டரர் என்ற இடத்தில் கார்ட்டின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் லெப்டொப்பைத் திறந்து ஒரு கால் மணித்தியாலம் நன்றாக ஓடிவிட்டு, பிறகு எல்லாம் தேய்கிறது. அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி நன்றாக ஓடும்.
*வாசகர், தெஹிவளை*

பதில்: நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். சூடு. ப்ராசஸரும் கிராபிக்ஸும் ஒரே செப்புக் குழாயில் சூட்டை வெளியேற்றுகின்றன. ஒரு எல்லையைத் தாண்டினால் இரண்டும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். சென்சர்ஸ் என்ற கட்டளையில் வெப்பநிலை தெரியும், சும்மா சில பக்கங்களை வாசிக்கும்போதே 90 பாகைக்கு மேல் நிற்குமானால் திறந்து துடைக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், கடற்கரைப் பக்கம் உப்பும் சேர்கிறது. தூசி பஞ்சுபோல் ஃபேனுக்கும் செதில்களுக்கும் நடுவே ஒரு மெத்தையாகப் படிந்துவிடும், வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேதான் இறுகும். அடி மூடியைக் கழற்றி, ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான தூரிகையால் எடுக்க வேண்டும். நாலைந்து வருடம் ஆகியிருந்தால் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

துடைத்த பிறகும் அப்படியே இருந்தால் சார்ஜரைப் பாருங்கள். பாவித்த லெப்டொப்போடு வரும் சார்ஜர் பல வேளை அதற்குரியது இல்லை. சில மொடல்கள் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் ப்ராசஸரை 0.8 ஜிகாஹெர்ட்ஸ் அளவிலேயே பிடித்து வைத்துவிடும், எந்த டிரைவராலும் அதை மாற்ற முடியாது. சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பற்றரியில் வேகமாக ஓடினால் சார்ஜர்தான் காரணம்.

கேள்வி: புதிய மேசாவுக்கென்று வெளியார் பிபிஏ ஒன்றை, அதாவது வெளியார் நடத்தும் மென்பொருள் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்தால் பழைய லெப்டொப் வேகமாகும் என்கிறார்களே?
*வாசகி, மருதானை*

பதில்: மிகப் புதிய கார்ட் என்றால் பலன் இருக்கலாம். பழைய இன்டெல்லுக்குத் தேவையில்லை, அடுத்த பெரிய அப்டேட்டின்போது தொகுப்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் தொல்லைதான் மிஞ்சும். சேர்க்காதீர்கள்.

கேள்வி: ரைசன் 5 லெப்டொப், 8 ஜிபி ரேம், ஃபெடோரா. டிரைவர் சரியாக இருக்கிறது, சூடும் இல்லை, ஆனால் வெளி மொனிட்டர் ஒன்றைச் சேர்த்ததும் திரை கனத்துப்போகிறது. தனி கார்ட் இல்லாததால்தானா?
*வாசகர், கொள்ளுப்பிட்டி*

பதில்: கார்ட் இல்லாதது உண்மை, ஆனால் உங்கள் சிக்கல் பெரும்பாலும் ரேமில். ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, கணினியின் ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் நினைவகத்துக்கு ஒரு பாதைதான், இரண்டு மொனிட்டரின் படமும் மற்ற எல்லா வேலையும் அந்த ஒன்றிலேயே நெருக்கியடித்துப் போகின்றன. அதே அளவில் இரண்டாவது குச்சி போட்டால் பாதை இரண்டாகும், உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்கு அதைவிட மலிவான உதவி வேறு இல்லை. வாங்க முதல் அடி மூடியைத் திறந்து இரண்டாவது இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், சில மெல்லிய மொடல்களில் ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும். இடம் இருந்தால், இருக்கும் குச்சியின் ஸ்டிக்கரைப் போனில் தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு போய்க் கடையில் காட்டுங்கள், டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ, வேகம் எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும்.